பிறவியிலேயே கைவிரல்களில் மாறுபாடு. சிகிச்சை தள்ளிப்போனால் என்ன ஆகும்? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒட்டிய விரல்கள், ஆறாவது விரல், கட்டைவிரல் இல்லாத கை, ஒரு பக்கமாக வளைந்த மணிக்கட்டு என ஏதோ ஒரு மாறுபாட்டோடு பிறந்த குழந்தைகளை, கை அறுவை சிகிச்சைப் பிரிவொன்றில் இயன்முறை மருத்துவராகப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். பிறந்த வாரத்திலேயே துணியில் சுற்றிக் கொண்டுவரப்பட்டவர்களும் உண்டு; பள்ளியில் சேர்த்த பிறகு வந்தவர்களும், வரன் பார்க்கத் தொடங்கிய பிறகு வந்த பெண்களும் உண்டு. தாமதமாக வருபவர்களின் பெற்றோர் ஏறக்குறைய எல்லோரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்கிறார்கள்: "கொஞ்சம் வளரட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொன்னார்கள்." அந்த வாக்கியம் பாதி சரி, பாதி தவறு. அறுவை சிகிச்சைக்குப் பல நேரங்களில் காத்திருக்கலாம். ஆனால் நிபுணரிடம் காட்டுவதற்குக் காத்திருக்கக் கூடாது. இந்த இரண்டும் ஒன்றாகக் குழம்பிப்போவதால்தான் பல குழந்தைகள் நல்ல காலத்தை இழக்கிறார்கள்.

இந்த மாறுபாடு எப்போது, எப்படி ஏற்படுகிறது?

கரு உருவான நான்காம் வாரத்தில் கை ஒரு சிறு மொட்டாகத் தோன்றுகிறது. சில நாட்களில் அது துடுப்பு போலத் தட்டையாகிறது. பிறகு விரல்களுக்கு இடையில் உள்ள திசு தானாகவே மறைந்து, எட்டாம் வாரம் முடிவதற்குள் ஐந்து விரல்களும் தனித்தனியாகப் பிரிந்துவிடுகின்றன. அந்தத் திசு மறையாமல் நின்றால் ஒட்டுவிரல். ஒரு விரலுக்கான பகுதி இரண்டாகப் பிரிந்தால் கூடுதல் விரல். ஒரு பக்கம் வளராமல் போனால் கட்டைவிரலோ, அந்தப் பக்கத்து முன்கை எலும்போ குறைந்துபோகிறது. ஒட்டுவிரல் ஏறக்குறைய 2,000 முதல் 3,000 பிறப்புகளுக்கு ஒன்று என்ற அளவில் காணப்படுகிறது. பெரும்பாலும் நடுவிரலும் மோதிர விரலும்தான் ஒட்டியிருக்கும்.

கர்ப்ப காலத்தில் கிரகணத்தன்று வெளியே வந்ததால்தான் இப்படி ஆயிற்று என்கிறார்களே?

இல்லை. கிரகணத்துக்கும் குழந்தையின் கைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. கிரகணத்தன்று கத்தியைத் தொட்டதற்கும், காய் நறுக்கியதற்கும், நிறைமாதத்தில் வேலை செய்ததற்கும் இல்லை. பல தாய்மார்களுக்குத் தாங்கள் கருவுற்றிருப்பது உறுதியாகி, வீட்டாருக்குச் சொல்லி முடிக்கும் காலத்திலேயே குழந்தையின் கை ஏறக்குறைய உருவாகி முடிந்துவிடுகிறது. சில மாறுபாடுகள் பரம்பரையாக வருகின்றன. சுண்டுவிரல் பக்கத்து ஆறாம் விரல் பல குடும்பங்களில் அப்பா, அத்தை, தாத்தா என்று தொடர்ந்து வருவதைக் காணலாம். மற்றவை பெரும்பாலும் குடும்பத்தில் யாருக்கும் இல்லாமல் தனியாக நேர்பவை.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சிகிச்சை தாமதமாவதற்குப் பணத்தைவிடப் பெரிய காரணமாக நான் பார்த்தது தாயின் மேல் விழும் பழிதான். குற்றவாளியாக்கப்பட்ட தாய் குழந்தையின் கையைத் துணியால் மூடிக்கொள்கிறாள். மூடிய கையை மருத்துவரும் பார்ப்பதில்லை.

பிறந்தவுடனே காட்ட வேண்டுமா? அவசரம் என்று எதுவும் உண்டா?

முதல் சில வாரங்களுக்குள் கை அறுவை சிகிச்சை நிபுணர் அல்லது கைகளில் அனுபவமுள்ள பிளாஸ்டிக் சர்ஜன், எலும்பு மருத்துவர் ஒருவரிடம் காட்டிவிடுவது நல்லது. அன்றே அறுவை சிகிச்சை செய்வதற்காக அல்ல. எது என்ன வகை, எப்போது எது செய்யலாம், இப்போது வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்ற திட்டம் கையில் இருப்பதற்காக.

உண்மையான அவசரம் ஒன்று உண்டு. பனிக்குடச் சவ்வின் இழைகள் வயிற்றிலேயே விரலையோ கையையோ சுற்றி இறுக்கியதால், மோதிரம் போட்டு எடுத்தது போல ஆழமான பள்ளத்தோடு சில குழந்தைகள் பிறக்கின்றன. அந்தப் பள்ளத்துக்கு அப்பால் உள்ள பகுதி வீங்கியோ, நீலம் பாய்ந்தோ, கறுத்தோ இருந்தால் அன்றைக்கே காட்ட வேண்டும். இரத்த ஓட்டம் தடைபட்டிருக்கும்போது ஒரு நாள் தாமதமும் விரலை இழக்கச் செய்யலாம்.

கட்டைவிரல் பக்கமாக மணிக்கட்டு வளைந்த குழந்தைக்கும் சிகிச்சை முதல் வாரத்திலேயே தொடங்குகிறது, ஆனால் கத்தியால் அல்ல. பால் கொடுக்கும்போதும் துணி மாற்றும்போதும் முன்கையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் மணிக்கட்டை மெதுவாக நேராக்கிச் சில நொடிகள் பிடித்திருக்கும்படி தாய்க்குச் சொல்லித் தருகிறோம். சற்று வளர்ந்ததும், மணிக்கட்டை நேராகப் பிடித்து வைக்கும் ஸ்பிளின்ட் கட்டுகிறோம். சதை இளகியிருக்கும் இந்த மாதங்களில் கிடைக்கும் நெகிழ்வு, பிறகு ஒரு வயதையொட்டிச் செய்யப்படும் அறுவை சிகிச்சையை எளிதாக்குகிறது. இரண்டு வயதில் முதல்முறையாக வரும் குழந்தைக்கு இந்த வாய்ப்பு பெரும்பாலும் போய்விட்டிருக்கும்.

அறுவை சிகிச்சைக்குச் சரியான வயது எது?

எல்லாக் கைக்கும் பொதுவான ஒரு வயது கிடையாது. "ஐந்து வயதுக்கு மேல் செய்யலாம்", "பதினெட்டு முடியட்டும்" என்று வகையைப் பார்க்காமலே சொல்லப்படும் எந்த எண்ணையும் நம்ப வேண்டாம்.

ஒட்டுவிரலையே எடுத்துக்கொள்வோம். நடுவிரலும் மோதிர விரலும் ஏறக்குறைய ஒரே நீளம் உள்ளவை. அவை தோலால் மட்டும் ஒட்டியிருந்தால் சேர்ந்தே வளரும், ஒன்றையொன்று பெரிதாகக் கெடுக்காது. அதனால் ஒன்று முதல் இரண்டு வயதுக்குள் நிதானமாகப் பிரிக்கலாம். சற்றுத் தள்ளிப்போனாலும் பெரிய இழப்பில்லை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும், அல்லது மோதிர விரலும் சுண்டுவிரலும் ஒட்டியிருந்தால் கதை வேறு. குட்டையான விரல், நீளமான விரலைக் கட்டி இழுக்கிறது. வளர வளர நீண்ட விரல் பக்கவாட்டில் சாய்ந்து, மடங்கி, முறுக்கிக்கொள்கிறது. எனவே அவற்றை ஆறு மாதம் முதல் ஒரு வயதுக்குள் பிரித்துவிட மருத்துவர்கள் விரும்புகிறார்கள். மூன்று நான்கு விரல்கள் சேர்ந்து ஒட்டியிருந்தால் ஒரே நாளில் எல்லாவற்றையும் பிரிக்க முடியாது. ஒரு விரலின் இரண்டு பக்கங்களையும் ஒரே நேரத்தில் திறந்தால் அதன் இரத்த ஓட்டம் ஆபத்துக்குள்ளாகும். சில மாத இடைவெளியில் இரண்டு மூன்று கட்டங்களாகச் செய்ய வேண்டியிருப்பதால்தான், அத்தகைய குழந்தைக்கு முன்கூட்டியே தொடங்க வேண்டியிருக்கிறது.

விரல்கள் தோலாலான சிறு மொட்டுகளாக மட்டும் இருக்கும் சில கைகளில், கால்விரலின் சிற்றெலும்பு ஒன்றை அதன் மேலுறையோடு எடுத்து வந்து கைவிரலுக்குள் வைக்கும் முறை உண்டு. ஏறக்குறைய ஒன்றரை வயதுக்குள் செய்தால் அந்த எலும்பு புதிய இடத்திலும் வளரும் வாய்ப்பு அதிகம். வயது ஏற ஏற அது உயிரற்ற தாங்கியாக மட்டுமே நின்றுவிடக்கூடும். காலம் தவறினால் திரும்பக் கிடைக்காத வாய்ப்பு என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

இதற்கு நேர்மாறான ஒன்றும் உண்டு. குழந்தையின் கட்டைவிரல் நுனி மடங்கியபடியே நின்று, அடிப்பகுதியில் பட்டாணி போல ஒரு கட்டி கைக்குத் தட்டுப்பட்டால், அது பெரும்பாலும் தசைநார் சிக்கிக்கொள்ளும் நிலை. பல குழந்தைகளுக்கு இது தானாகவே சரியாகிவிடுகிறது. இங்கே காத்திருப்பதே சிகிச்சையின் ஒரு பகுதி. யாரிடமாவது கொண்டுபோய் விரலை இழுத்துவிட்டுக் கட்டுப்போடுவது மட்டும் கூடவே கூடாது.

தாமதமானால் கையில் என்ன மாற்றங்கள் ஏற்படுகின்றன?

எலும்பு, மூட்டு, தோல் ஆகியவற்றில் ஏற்படும் மாற்றங்களை மேலே சொன்னேன். பெற்றோர் பெரும்பாலும் கவனிக்காதது இன்னொன்று: குழந்தையின் பழக்கம்.

ஒன்பது மாதம் முதல் ஒரு வயதுக்குள் குழந்தை தரையில் கிடக்கும் பொரியைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கிள்ளி எடுக்கக் கற்றுக்கொள்கிறது. கட்டைவிரல் இல்லாத குழந்தை எடுக்காமல் விட்டுவிடுவதில்லை. ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில், கத்தரிக்கோல் பிடிப்பது போல, இடுக்கி எடுக்கிறது. எங்களிடம் ஏழு வயதில் முதல்முறையாக வந்த ஒரு சிறுமி, பென்சிலை அப்படித்தான் பிடித்து எழுதினாள். அவளுடைய ஆள்காட்டி விரல் நேராக நிற்கவில்லை. ஏழு ஆண்டுகளாகக் கட்டைவிரலின் வேலையைச் செய்து செய்து, சற்றே திரும்பி, நடுவிரலை விட்டு விலகி நின்றது. நகம் வானத்தைப் பார்க்காமல் பக்கவாட்டைப் பார்த்தது. எழுத்து அழகாகவே இருந்தது. ஆனால் சட்டைப் பொத்தானைப் போடச் சொன்னபோது பல்லால் துணியைக் கடித்துப் பிடித்துக்கொண்டாள். தண்ணீர் பாட்டிலின் மூடியைத் தொடைகளுக்கு நடுவில் இடுக்கித் திறந்தாள். சோற்றைப் பிசைந்து எடுக்கும்போது பாதி தட்டிலேயே விழுந்துவிடும் என்பதால் பள்ளியில் மதிய உணவையே தவிர்க்கிறாள் என்று அவளுடைய பாட்டி சொன்னார்.

மூளையும் கையும் சேர்ந்து ஒரு வழியைக் கண்டுபிடித்து அதில் ஊறிப்போன பிறகு, புதிய கட்டைவிரலை அமைத்துக் கொடுத்தாலும் குழந்தை பழைய வழியிலேயே இடுக்கப் பார்க்கும். புதுப் பழக்கத்தை ஏற்படுத்த மாதக்கணக்கில் பயிற்சி தேவைப்படும். ஒன்றரை வயதில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட குழந்தைக்கு மறக்க வேண்டியது அதிகம் இருக்காது.

கட்டைவிரல் இல்லாத கையில் ஆள்காட்டி விரலை எடுத்துக் கட்டைவிரலாக்குவதாகச் சொல்கிறார்கள். இருக்கிற விரலையும் கெடுத்துவிட மாட்டார்களா?

இந்தப் பயம் இயல்பானது. கேட்டவுடனே எழுந்து போய்விட்ட பெற்றோரும் உண்டு. அறுவை சிகிச்சையில் ஆள்காட்டி விரல் துண்டிக்கப்படுவதில்லை. அதன் இரத்தக் குழாய்களும் நரம்புகளும் அப்படியே இருக்க, எலும்பைக் குறைத்து, விரலைத் திருப்பி, மற்ற விரல்களுக்கு எதிராக வருமாறு இடம் மாற்றி வைக்கிறார்கள். முடிவில் கையில் நான்கு விரல்கள் இருக்கும், அவற்றில் ஒன்று கட்டைவிரல். உள்ளங்கையை எதிர்கொள்ளும் ஒரு விரல் கிடைத்துவிட்டால் டம்ளரைப் பிடிப்பதும் பொத்தான் போடுவதும் கைக்கு எட்டும் வேலைகளாகிவிடும்.

இந்த முறை செம்மையடைந்ததற்குப் பின்னால் ஒரு பெரும் துயரம் இருக்கிறது. 1957-இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்து, 1961 நவம்பரில் திரும்பப் பெறப்பட்ட தாலிடோமைடு என்ற மருந்தைக் கர்ப்பிணிகள் உட்கொண்டதால், ஆயிரக்கணக்கான குழந்தைகள் கை கால் குறைகளோடு பிறந்தார்கள். அந்தக் குழந்தைகளுக்குச் சிகிச்சை அளித்த ஹாம்பர்க் நகரத்து அறுவை சிகிச்சை நிபுணர் டீட்டர் புக்-கிராம்கோ, 1971-இல் இத்தகைய பல அறுவைகளின் அனுபவத்தை வெளியிட்டார். இன்று உலகெங்கும் செய்யப்படும் முறைக்கு அதுவே அடிப்படை.

கட்டைவிரல் முழுவதும் இல்லாமல் போகாமல், சிறியதாக, ஆனால் அடி மூட்டு உறுதியாக இருந்தால் இந்த அறுவை தேவையில்லை. இருக்கும் விரலையே வலுப்படுத்தலாம். இரண்டில் எந்த வழி ஏற்றது என்று முடிவு செய்வதற்கு அனுபவமுள்ள கண் வேண்டும்.

கையைக் காட்டப் போனால் இருதய ஸ்கேனும் இரத்தப் பரிசோதனையும் எழுதித் தருகிறார்களே, தேவையா?

கட்டைவிரல் பக்கக் குறைபாடு என்றால் கட்டாயம் தேவை. கையின் அந்தப் பகுதி உருவாகும் அதே வாரங்களில் இருதயம், சிறுநீரகம், முதுகெலும்பு ஆகியவையும் உருவாகின்றன. அதனால்தான் எக்கோ, வயிற்று ஸ்கேன், தட்டணுக்கள் உள்ளிட்ட முழு இரத்தப் பரிசோதனை ஆகியவற்றைச் செய்யச் சொல்கிறோம்.

இந்தப் பரிசோதனைகளில் நாங்கள் தேடும் நோய்களில் மிக முக்கியமானது ஃபான்கோனி இரத்தசோகை. இந்தப் பிறவி நோயில் கட்டைவிரல் குறைபாடு பிறந்த அன்றே கண்ணுக்குத் தெரியும். எலும்பு மஜ்ஜை செயலிழப்பதோ பெரும்பாலும் பள்ளி வயதில்தான் வெளிப்படும். அதுவரை குழந்தை ஓடியாடிக்கொண்டிருக்கும். குரோமோசோம் முறிவுப் பரிசோதனை ஒன்றின் மூலம் முன்பே கண்டுபிடித்துவிட்டால், இரத்த அணுக்களைத் தொடர்ந்து கண்காணிக்கவும், உரிய நேரத்தில் மஜ்ஜை மாற்றுச் சிகிச்சைக்குத் தயாராகவும் முடியும். பெற்றோர் இருவரிடமும் மறைந்திருக்கும் மரபணு மாற்றம் குழந்தைக்குச் சேர்ந்து வரும்போது ஏற்படுவது என்பதால், தாய்மாமன், அத்தை மகன் என்று சொந்தத்தில் மணம் முடித்த குடும்பங்களில் வாய்ப்பு சற்றுக் கூடுதல். யாரையும் குறை சொல்வதற்காக இதைக் கேட்பதில்லை. மருத்துவர் கேட்கும்போது உறவுமுறையை மறைக்காமல் சொல்லுங்கள். கையைக் காட்டத் தாமதித்ததால் உயிரைப் பற்றிய ஓர் எச்சரிக்கையே காணப்படாமல் போவதுதான் எல்லாத் தாமதங்களிலும் கொடியது.

ஆறாம் விரல் அதிர்ஷ்டம், எடுக்கக் கூடாது என்கிறார்கள். சிலர் நூல் கட்டினால் தானே விழுந்துவிடும் என்கிறார்கள்.

அதிர்ஷ்டம் என்று நம்பி அன்போடு வைத்துக்கொள்ளும் குடும்பத்தோடு எனக்கு வழக்கில்லை. இடையூறு செய்யாத விரலை எடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஆனால் கட்டைவிரல் இரண்டாக இருந்தால் அது வேறு விஷயம். அங்கே ஒன்று "கூடுதல்", மற்றொன்று "சரியானது" என்று இருப்பதில்லை; இரண்டுமே ஒரே விரலின் பங்கைப் பிரித்துக்கொண்டவை. ஒன்றை எடுக்கும்போது அதன் தசைநாரையும் மூட்டைப் பிணைக்கும் நார்களையும் மற்றொன்றுக்கு மாற்றித் தைக்க வேண்டும். வெறுமனே வெட்டி எடுத்தால் மிஞ்சிய கட்டைவிரல் வளர வளரக் கோணிக்கொள்ளும். பொதுவாக ஒரு வயதையொட்டி இதைச் செய்கிறார்கள்.

வீட்டில் நூலோ தலைமுடியோ கட்டுவதை எந்த நிலையிலும் செய்யாதீர்கள். சுண்டுவிரல் ஓரத்தில் மெல்லிய காம்பில் தொங்கும் விரலுக்குள்ளும் நரம்பும் இரத்தக் குழாயும் உண்டு. பிறந்த பத்தாம் நாள், நூல் கட்டிய இடத்தில் சீழ் பிடித்து, காய்ச்சலோடு வந்த ஒரு குழந்தையைப் பார்த்திருக்கிறேன். விழுந்த இடத்தில் மிஞ்சும் சிறு முண்டு, தொட்டாலே சுரீர் என்று வலிக்கும் நரம்பு முடிச்சாகப் பல ஆண்டுகள் தொல்லை தரலாம்.

இவ்வளவு சிறு குழந்தைக்கு மயக்க மருந்து கொடுத்தால் மூளை வளர்ச்சி பாதிக்காதா?

மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் நீளும் அல்லது பலமுறை தரப்படும் மயக்க மருந்து குறித்து 2016-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது உண்மை. பிறகு, கைக்குழந்தைப் பருவத்தில் ஒருமுறை, ஒரு மணி நேரத்துக்குள் மயக்க மருந்து பெற்ற குழந்தைகளை ஐந்து வயது வரை தொடர்ந்து பார்த்த பன்னாட்டு ஆய்வு, அறிவு வளர்ச்சியில் வேறுபாடு காணவில்லை என்று 2019-இல் தெரிவித்தது. ஆகவே அவசியமில்லாத அறுவையைத் தள்ளிப்போடுவதும், அவசியமானதைப் பயத்தால் தள்ளிப்போடாமல் இருப்பதுமே சரியான வழி. குழந்தை மயக்க மருந்தில் பழக்கமுள்ள நிபுணர் இருக்கிறாரா என்று கேட்பது உங்கள் உரிமை.

எங்கள் பிள்ளைக்குப் பத்து வயதாகிவிட்டது. இனி எதுவும் செய்ய முடியாதா?

முடியும். தாமதம் என்பது கதவு மூடிவிட்டது என்று பொருளல்ல. சில வழிகள் குறுகிவிட்டன, சிலவற்றுக்குக் கூடுதல் உழைப்பு வேண்டும், அவ்வளவுதான். ஒட்டுவிரலை எந்த வயதிலும் பிரிக்கலாம். முறுக்கிக்கொண்ட எலும்பை வெட்டி நேராக்கலாம். கட்டைவிரல் அமைக்கும் அறுவைகூட வளர்ந்த பிள்ளைகளுக்குச் செய்யப்பட்டிருக்கிறது.

வளர்ந்த பிள்ளையிடம் உள்ள ஒரு நன்மை, அவனிடமே கேட்கலாம் என்பது. "உனக்கு எது கஷ்டமாக இருக்கிறது?" என்ற கேள்விக்குப் பெற்றோர் "பார்க்க நன்றாக இல்லை" என்பார்கள், பையன் "சைக்கிள் பிரேக் பிடிக்க வரவில்லை" என்பான். சிகிச்சையின் இலக்கு அந்த பிரேக்காக இருக்க வேண்டும். தன் கையால் எல்லா வேலையையும் செய்துகொண்டு, தனக்கு எதுவும் வேண்டாம் என்று சொல்லும் பிள்ளையை வற்புறுத்தி மேசையில் படுக்க வைப்பதை நான் ஏற்பதில்லை.

செலவுக்கும் பரிந்துரைக்கும் எங்கே செல்வது?

தமிழ்நாட்டில் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கைச் சிகிச்சைக்கென்றே நீண்டகாலமாக இயங்கிவரும் தனித் துறை இருக்கிறது. பல அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவு உண்டு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால், உங்கள் குழந்தைக்குச் சொல்லப்பட்ட அறுவை அதில் அடங்குகிறதா என்று மருத்துவமனையிலுள்ள காப்பீட்டு மேசையில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தை நலத் திட்டத்தின்படி, மருத்துவக் குழு ஒன்று அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இருமுறையும், அரசுப் பள்ளிகளுக்கு ஒருமுறையும் வந்து குழந்தைகளைப் பரிசோதிக்க வேண்டும். அத்திட்டத்தின் தேசியப் பட்டியலில் வளைபாதம் பெயரோடு இடம்பெற்றிருக்கிறது. கைக் குறைபாடு தனிப்பெயரோடு இல்லை. அதனால் குழுவினர் தாமாகக் கேட்கக் காத்திராமல் நீங்களே கையைக் காட்டி, மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்குப் பரிந்துரை கேளுங்கள்.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு வீட்டில் என்ன செய்ய வேண்டும்?

சிறு குழந்தைக்கு விரலில் அறுவை என்றாலும் முழங்கைக்கு மேல் வரை கட்டுப் போடுவோம். இல்லாவிட்டால் இரண்டே நாளில் கையை உருவிக்கொள்ளும். இரண்டு மூன்று வாரம் கட்டு நனையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். விரல் நுனி தெரியும்படி விட்டிருப்போம். அது வெளிறினாலோ நீலமானாலோ, கட்டிலிருந்து நாற்றம் வந்தாலோ உடனே வர வேண்டும். கட்டுப் பிரித்த பிறகு, புண் முழுக்க ஆறியதாக மருத்துவர் சொன்னதும், தழும்பை எண்ணெய் தடவி நாளுக்கு மூன்று நான்கு முறை அழுத்தி நீவிவிடுங்கள். கை வளரும் வேகத்துக்குத் தழும்பு வளராது என்பதால், பிரித்த விரலிடுக்கு சில ஆண்டுகளில் மீண்டும் சற்று மேலேறி வரலாம். வளர்ச்சி நிற்கும் வரை ஆண்டுக்கொருமுறையாவது காட்டிக்கொண்டிருங்கள்.

முதல்முறை வரும்போது எதைக் கொண்டுவர வேண்டும்?

பிறந்தபோது தந்த மருத்துவமனைக் குறிப்பு, கர்ப்பகால ஸ்கேன் தாள்கள், இதுவரை எடுத்த எக்ஸ்ரேக்கள் ஆகியவற்றைக் கொண்டுவாருங்கள். குழந்தையைப் பசியோடும் தூக்கத்தோடும் கூட்டி வராதீர்கள். வெள்ளை அங்கியைக் கண்டதும் பல குழந்தைகள் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொள்கிறார்கள். அதனால் வீட்டில் அது சாப்பிடும்போதும், விளையாடும்போதும், செருப்பு மாட்டும்போதும் கைபேசியில் எடுத்த ஒரு நிமிட வீடியோ எங்களுக்குப் பெரிதும் உதவும். கூடவே, அதற்குப் பிடித்த பொம்மை ஒன்றையும் எடுத்து வாருங்கள். அந்தக் கை அதை எப்படி வாங்குகிறது என்று பார்ப்பதிலிருந்துதான் நாங்கள் பரிசோதனையைத் தொடங்குவோம்.